வீட்டில் கட்டும் சிறு விமானத்தில் கூலன்ற் கண்காணிப்பு: வெப்பமானி ஒன்று போதுமா?

கேள்வி: சுன்னாகம் மின்வேலையாளர்

அனைவருக்கும் வணக்கம். நான் சுன்னாகத்தில் வாகன மின்வேலைத் தளம் ஒன்றை நடத்தி வருகிறேன். முச்சக்கர வண்டி, லொறி, உழவு இயந்திரம் ஆகியவற்றின் வயரிங்கும் மானிகளும் எனக்குப் பழகியவை, விமானம் புதிது. கனடாவின் ஒன்ராறியோவில் இருக்கும் என் அண்ணா, இரண்டு பேர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்றைப் பாகங்களாக வாங்கித் தன் வீட்டுக் கராஜில் தானே கட்டி வருகிறார். எஞ்சின் ரோட்டக்ஸ் 912 யூஎல்எஸ்: நான்கு சிலிண்டர், 1352 கன சென்ரிமீற்றர், 5800 சுற்றில் 100 குதிரைவலு. சிலிண்டர்களின் உடலை எதிர்க்காற்று குளிர்விக்க, சிலிண்டர்களின் தலைப்பகுதிகளான ஹெட்டுகள் நான்கையும் கூலன்ற் எனும் குளிர்விக்கும் திரவம் குளிர்விக்கிறது என்பதை அவர் அனுப்பிய கைநூலிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

கருவிப் பலகையில் கூலன்றுக்கென்று அவர் வைத்திருப்பது ஒரேயொரு வெப்பமானி. அதற்குத் துணையாக எச்சரிக்கைப் பெட்டி ஒன்றை இங்கே செய்து அனுப்பும்படி கேட்கிறார். வெப்பநிலை குறித்த எல்லையைத் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும் என்பது அவருடைய எண்ணம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஹோஸ் வெடித்து எஞ்சின் இறுகிப்போன லொறிகளைக் கொண்டுவரும் சாரதிகளில் பலர், முள் சிவப்புக்குப் போகவே இல்லை என்று உறுதியாகச் சொல்வார்கள். சென்சரைக் கழற்றிச் சுடுநீரில் இட்டுப் பார்த்தால் அதில் எந்தக் குறையும் இருக்காது. தெருவிலென்றால் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிடலாம். அண்ணாவுக்கு அந்த வசதி இருக்கப்போவதில்லை என்பதால்தான் பெட்டியைத் தொடங்குமுன் இங்கே கேட்கிறேன்.

வெப்பநிலையைத் தவிர வேறு எதை அளக்க வேண்டும், எந்த இடத்தில் அளக்க வேண்டும், எச்சரிக்கை எப்போது எழ வேண்டும் என்பவற்றை விளக்கமாகச் சொல்வீர்களா? விமான எஞ்சினோடு பழகியவர்கள் யாராவது இருந்தால் அவர்களுடைய கருத்தைக் குறிப்பாக எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி: நல்லூர், ஓய்வுநிலை ஆசிரியர்

தம்பி, உங்கள் ஐயம் சரியான இடத்தில் எழுந்திருக்கிறது. வெப்பமானிக்குத் தெரிவது, சென்சரின் முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது மட்டுமே. அந்தப் பொருள் திரவமா, ஆவியா, வெறுங்காற்றா என்பதை அது அறியாது. கூலன்ற் வெளியேறி முனை காற்றில் நின்றுவிட்டால், உலோகத்தின் சூடு அதை வந்தடைவது வெகுவாகக் குறைந்துவிடும். ஹெட் எரிந்துகொண்டிருக்கையில் முள் பச்சையில் நிற்பதும், சிலவேளை கீழே இறங்குவதும் இதனால்தான். உங்கள் சாரதிகள் பொய் சொல்லவில்லை. ஆகவே கூலன்ற் எவ்வளவு சூடாக இருக்கிறது என்ற கேள்வியையும், கூலன்ற் இருக்கிறதா என்ற கேள்வியையும் தனித்தனியே கேட்கும்படி பெட்டியை அமைக்க வேண்டும்.

இந்த எஞ்சினில் கூலன்ற் செல்லும் வழியை முதலில் மனத்தில் இருத்துங்கள். ரேடியேற்றரிலிருந்து வரும் கூலன்றைப் பம் உறிஞ்சி, ஹெட் ஒவ்வொன்றுக்கும் தனி ஹோஸ் வழியாக அனுப்புகிறது. சூடேறிய கூலன்ற் ஹெட்டுகளின் மேற்புறமாக வெளியேறி, எஞ்சினின் உச்சியில் இருக்கும் விரிவுத் தாங்கிக்குப் போய், அங்கிருந்து ரேடியேற்றருக்குத் திரும்புகிறது. அமுக்க மூடி இருப்பது அந்தத் தாங்கியின் மேல். முழுச் சுற்றிலும் உயரமான இடம் அதுவே என்பதால், காற்றும் ஆவியும் அங்கேதான் வந்து சேரும். கூலன்ற் குறையும்போது முதலில் வெறுமையாவதும் அதுவே. மட்டத்தை அளக்க விரும்பினால் அந்தத் தாங்கியில் அளவுங்கள். பக்கத்தில் தொங்கும் வழிவுப் போத்தலில் அளந்து பயனில்லை. மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு: ஒன்று அமுக்கம் மிகும்போது கூலன்றைப் போத்தலுக்கு விடுவது, மற்றது எஞ்சின் ஆறும்போது அதைத் திரும்ப உள்ளே எடுப்பது. இரண்டாவது வால்வு ஒட்டிக்கொண்டாலோ, ஏதோவொரு ஹோஸ் பொருத்து காற்றை உள்ளே இழுத்தாலோ, போத்தல் நிறைந்திருக்கும்போதே தாங்கி வெறுமையாகிவிடும்.

அடுத்தது அமுக்கம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பச்சையில் நிற்கும் முள்ளின் கீழே கூலன்ற் கொதிக்கலாம் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். பாதிக்குப் பாதி கிளைக்கோலும் நீரும் கலந்த கூலன்ற், கடல்மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 அல்லது 108 பாகை செல்சியஸில் கொதிக்கும். 1.2 பார் மூடி சரியாக மூடியிருந்தால் உள்ளேயுள்ள அமுக்கம் வளிமண்டலத்தையும் சேர்த்து 2.2 பார் வரை உயரலாம். அப்போது கொதிநிலை ஏறத்தாழ 130 பாகைக்குப் போய்விடும். மூடி எப்போதும் வெளிக்காற்றை ஒப்பிட்டே அமுக்கத்தைப் பிடித்து வைக்கிறது. 10,000 அடியில் வெளிக்காற்று ஏறத்தாழ 0.7 பார்தான் என்பதால், மூடி நல்ல நிலையில் இருந்தாலும் கொதிநிலை நான்கைந்து பாகை இறங்கும். மூடியின் இறப்பர் வெடித்து அமுக்கம் பிடிக்காமல் போயிருந்தால், அதே உயரத்தில் அந்தக் கலவை 97 பாகையளவிலேயே கொதிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் மானியைப் பார்ப்பவருக்கு 97 என்பது மிக நல்ல எண். எல்லையைத் தாண்டினால் மட்டும் எரியும் விளக்கு அங்கே எரியவே எரியாது.

அமுக்க சென்சர் ஒன்று இருந்தால் இதை நிலத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். மூடிய சுற்றில் எஞ்சின் சூடேற அமுக்கமும் கூடவே ஏற வேண்டும். 85 பாகை வந்த பின்னும் அமுக்கம் பூச்சியத்தை ஒட்டி நின்றால், மூடி பழுது அல்லது எங்கோ கசிவு. இரண்டில் எதுவாயினும் பறக்கக் கூடாது. பறப்பின் நடுவே வெப்பநிலை மாறாதிருக்க அமுக்கம் மட்டும் சடுதியாக விழுந்தால் ஹோஸ் போய்விட்டது என்று கொள்ளலாம். கூலன்ற் முழுவதும் வெளியேற எடுக்கும் நேரத்துக்கு முன்பே அமுக்கம் விழுந்துவிடும் என்பதால், எல்லா அளவீடுகளிலும் முந்திச் செய்தி தருவது இதுவே.

நீரைப் பற்றியும் ஒரு சொல். பெட்டியைச் சோதிக்க நீங்கள் இங்கே ஏதாவது எஞ்சினில் பொருத்திப் பார்ப்பீர்கள். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல் ஊடாக ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே ஹெட்டின் உள்வழிகளிலும் சென்சர் முனையிலும் படியும். படிவு ஏறிய முனை பிந்தியே சூடேறும், பிந்தியே ஆறும். காய்ச்சி வடித்த நீரை மட்டும் கலவுங்கள். அண்ணாவிடமும் எஞ்சின் உற்பத்தியாளர் ஏற்ற கூலன்றை மட்டுமே ஊற்றும்படி சொல்லுங்கள்.

மறுமொழி: மெல்பேர்ண் விமானி

எனது ஊர் கொக்குவில்; இப்போது வசிப்பது அவுஸ்திரேலியாவில். அண்ணாவின் எஞ்சினோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 912 யூஎல் எஞ்சின் பூட்டிய, நானே கட்டிய விமானத்தில் பறக்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன அனைத்தோடும் உடன்படுகிறேன். அதற்கு முன்னதாகத் தம்பி தன் அண்ணாவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அவருடைய ஹெட்டுகள் பழைய வகையா, புதிய வகையா?

2013 வரை வந்த ஹெட்டுகளில் சென்சர் கூலன்றைத் தொடுவதில்லை. ஹெட்டின் உலோகத்தில் திருகப்பட்டு உலோகத்தின் வெப்பநிலையையே காட்டும். அவற்றுக்குரிய எல்லை யூஎல்லுக்கு 150 பாகை, யூஎல்எஸ்ஸுக்கு 135 பாகை. அதன் பின்னர் வந்த ஹெட்டுகளில் சென்சர் கூலன்றுக்குள்ளேயே முனையை நீட்டி நிற்கிறது. எல்லை 120 பாகை. வெளித்தோற்றத்தில் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடலாம். பழைய ஹெட்டுக்கு 120 என்று எச்சரிக்கையை வைத்தால் அது காரணமின்றிக் கத்தும். புதிய ஹெட்டுக்கு 135 என்று வைத்தால் கத்த வேண்டிய நேரத்தில் மௌனமாக இருக்கும். பாகத்தின் இலக்கத்தைப் பார்த்து உறுதி செய்யாமல் எண் எதையும் பெட்டிக்குள் எழுதாதீர்கள்.

இந்த மாற்றத்தில் ஒரு நன்மையும் ஓர் இழப்பும் இருக்கின்றன. கூலன்றை நேரே அளப்பதால் அது கொதிநிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைத் துல்லியமாக அறிகிறோம். ஆனால் கூலன்ற் இல்லாமற் போனால், பழைய சென்சர் உலோகத்தின் சூட்டைத் தொடர்ந்து காட்டிக்கொண்டே மேலே ஏறும். புதியதோ ஆசிரியர் ஐயா விளக்கியபடி ஏமாற்றக்கூடும். அண்ணாவின் எஞ்சின் புதியதென்றால் மட்டமோ அமுக்கமோ அளப்பது கட்டாயம் என்பேன். வெப்பநிலை சடுதியாகக் கீழே விழுந்தாலும் பெட்டி எச்சரிக்க வேண்டும். எஞ்சின் வலுவைக் குறைக்காமல் இருக்கும்போது கூலன்ற் திடீரென்று ஆறுவதற்கு இயல்பான காரணம் எதுவும் இல்லை. அப்படி விழுந்த நேரத்தில் ஒயிலின் வெப்பநிலை மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

நீரே இல்லாத கூலன்றைப் பாவிப்போரும் உண்டு. அது வளிமண்டல அமுக்கத்திலேயே 180 பாகைக்கும் மேலேதான் கொதிக்கும். அதைப் பாவித்தால் சுற்றில் அமுக்கம் பெரிதாக எழாது. ஆகவே அமுக்க சென்சரின் செய்தியை அங்கே நம்ப முடியாது, மட்டத்தையும் உலோகத்தின் வெப்பநிலையையுமே நம்ப வேண்டும். நீர்க் கலவையை விட அது வெப்பத்தைச் சுமந்து செல்லும் ஆற்றலும் குறைந்தது; எஞ்சின் சற்று அதிகச் சூட்டோடுதான் ஓடும். நான் அதை விரும்பவில்லை. ரேடியேற்றரைச் சரியான அளவில், சரியான காற்றுவழியோடு வைத்தால் சாதாரணக் கலவையே போதும் என்பது என் முடிவு.

எல்லையைத் தாண்டாதிருக்கிறதா என்பதை எப்போது சோதிப்பது என்பதிலும் பலர் தவறான ஆறுதல் அடைகிறார்கள். எஞ்சின் மிகுந்த வெப்பத்தைத் தருவதும் காற்று மிகக் குறைவாகக் கிடைப்பதும் ஒரே நேரத்தில் நிகழ்வது, முழு வலுவில் குறைந்த வேகத்தில் நீண்ட நேரம் மேலேறும்போதுதான். சமமட்டப் பறப்பில் கிடைக்கும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வெளிக்காற்று 15 பாகையாக இருக்கும் காலையில் அத்தகைய ஏற்றத்தில் 98 காட்டியதென்றால், ஒன்ராறியோவின் 33 பாகைக் கோடை மதியத்தில் அதே ஏற்றம் ஏறத்தாழ 116 காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டும். வெளிக்காற்று எத்தனை பாகை கூடுகிறதோ, கூலன்றும் ஏறத்தாழ அத்தனை பாகை கூடும். 120 எல்லைக்கு மிச்சம் நான்கு பாகை. காலையில் பார்த்த 98 எவ்வளவு நிம்மதியாகத் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அண்ணாவின் பெட்டி வெளிக்காற்றின் வெப்பநிலையையும் சேர்த்துப் பதிந்து வைத்தால், ரேடியேற்றர் போதுமா என்பதைக் கோடை வருமுன்பே அவர் அறிந்துகொள்வார்.

இரண்டாம் உலகப் போரில் ஸ்பிற்பயர் போன்ற விமானங்களின் ரேடியேற்றரில் பட்ட ஒரேயொரு குண்டு, எஞ்சினில் ஒரு கீறலும் இல்லாமலேயே சில நிமிடங்களில் அதை நிறுத்திவிடக்கூடியதாக இருந்தது. நம்முடைய சுற்றிலோ சில லீற்றர் கூலன்ற்தான் இருக்கிறது. ஒரு கிளிப் தளர்ந்தாலே போதும்.

மறுமொழி: கிளிநொச்சி, பொறியியல் மாணவி

வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் மின் மற்றும் இலத்திரனியல் பயில்கிறேன். விமானத்தைப் பற்றி அறிந்தவர்கள் மேலே சொல்லிவிட்டார்கள். பெட்டியின் உள்ளே என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வெப்பநிலை சென்சர் சூடேறத் தடை குறையும் வகையைச் சேர்ந்தது. ஒரு முனை வயராக வெளியே வர, மறுமுனை எஞ்சினின் உடலோடு புவித்தொடுப்பாகிறது. இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு, இரண்டும் ஒரே திசையில் ஏமாற்றுபவை. வயர் அறுந்தால் தடை முடிவிலியாகி மானி மிகக் குளிர்ந்த எஞ்சினைக் காட்டும். புவித்தொடுப்பில் கறள் ஏறினால், கூடுதலான தடை சேர்ந்து உண்மையை விடக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும். ஆகவே எஞ்சின் ஓடத் தொடங்கிச் சற்று நேரம் கழிந்த பின்னும் சென்சர் பனிக்கட்டி வெப்பநிலையைச் சொன்னால், பெட்டி அதைக் குளிர் என்று எடுத்துக்கொள்ளாமல் பழுது என்று அறிவிக்க வேண்டும். எஞ்சினின் உடலிலிருந்து பெட்டிக்கெனத் தனியான புவித்தொடுப்பு வயர் ஒன்றை இழுங்கள். தரையிறங்கும் விளக்கின் ஓட்டமும் வானொலியின் ஓட்டமும் திரும்பும் வயரைப் பங்குபோட வேண்டாம். விளக்கைப் போட்டதும் வெப்பநிலை சில பாகை குதிக்கிறதென்றால் பிழை கூலன்றில் இல்லை, புவித்தொடுப்பில் இருக்கிறது.

அமுக்கத்துக்கு, 5 வோல்ற்றில் இயங்கி 0.5 முதல் 4.5 வோல்ற்று வரை தரும் வாகன சென்சர்களைப் பரிந்துரைப்பேன். பூச்சிய அமுக்கத்திலும் 0.5 வோல்ற்று இருக்கும் என்பதால், 0 வோல்ற்று வந்தால் வயர் அறுந்துவிட்டது என்று பிரித்தறியலாம். அளவிடும் வீச்சு 2 பார் அளவில் இருப்பது நல்லது. 10 பார் சென்சரை வாங்கினால் நமக்கு வேண்டிய பகுதி அதன் அடியில் ஒரு சிறு துண்டாகிவிடும். எஞ்சினின் அதிர்வு அதை நாளடைவில் உடைத்துவிடும் என்பதால், சென்சரைத் தீச்சுவரில் (எஞ்சினுக்கும் விமானியின் அறைக்கும் இடையிலுள்ள தடுப்பில்) பொருத்திச் சிறு ஹோஸ் வழியாகத் தாங்கியோடு இணைப்பதே நல்லது. ஆனால் அந்த ஹோஸ் பொருத்தும் புதிதாகக் கசியக்கூடிய இடம் ஒன்றாகிவிடுகிறது என்பதை மறக்காமல், அதன் வாயில் மிகச் சிறிய துளையுள்ள அடைப்பு ஒன்றை இடுங்கள். ஹோஸ் வெடித்தாலும் கூலன்ற் மெல்லவே வெளியேறும்.

மட்டத்துக்கு மிதவை ஆளி போதும். தாங்கி நிறைந்திருக்கும்போது மூடியிருந்து, மட்டம் குறைந்தால் திறக்கும்படி அதைப் பொருத்துங்கள். அப்போது வயர் அறுந்தாலும் எச்சரிக்கையே எழும். குலுக்கத்திலும் திரும்பலிலும் கூலன்ற் அலைவதால், மட்டம் சில விநாடிகள் தொடர்ந்து குறைந்திருந்தால் மட்டுமே விளக்கு எரியட்டும். அமுக்கத்துக்கு அத்தகைய தாமதம் வேண்டாம்.

வழங்கலைப் பற்றியும் கவனம் தேவை. எஞ்சினைத் தொடக்கும்போது பற்றரியின் வோல்ற்றளவு வெகுவாக இறங்கும். பெட்டியை இயக்கும் சிறு கணினியான நுண்கட்டுப்படுத்தி அந்த நேரத்தில் மயங்கி, பிறகு எழாமல் போகக் கூடாது. தனிப் பியூஸ், வோல்ற்று உயர்வைத் தாங்கும் பாதுகாப்பு, வடிகட்டி ஆகிய மூன்றும் இருக்கட்டும். 912 எஞ்சினின் இரண்டு பற்றவைப்புச் சுற்றுகளும் தம் சொந்தச் சுருள்களிலிருந்தே மின்னைப் பெறுவதால் பற்றரி இல்லாமலும் எஞ்சின் ஓடும். அந்தத் தனிமையைக் கெடுக்கும் எந்த இணைப்பையும் நம் பெட்டி ஏற்படுத்தக் கூடாது. சுற்றுவேகத்தை அறிவதற்காகப் பற்றவைப்பு வயரைத் தொட வேண்டும் என்று தோன்றினாலும் தொடாதீர்கள்.

அளவுதிருத்தத்தை ஊரிலேயே செய்துவிடலாம். கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கும் சுன்னாகத்தில் காய்ச்சி வடித்த நீர் 100 பாகையில் கொதிக்கும். உருகும் பனிக்கட்டி பூச்சியம். அமுக்கத்துக்கு வீட்டு மேல்தாங்கியிலிருந்து நீர் நிறைந்த தெளிவான குழாயை இறக்குங்கள். நீர்மட்டத்துக்கும் சென்சருக்கும் இடையில் 5 மீற்றர் உயரம் இருந்தால் அமுக்கம் 0.49 பார்.

மறுமொழி: வல்வெட்டித்துறை, படகு எஞ்சின் திருத்துநர்

தங்கச்சி எழுதியது நன்று. ஆயினும் கணினி இல்லாத ஒரு வழியையும் கூடவே வைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். கடலுக்குப் போகும் எஞ்சின்களில் நான் நம்புவது, ஓர் ஆளி, ஒரு வயர், ஒரு விளக்கு என்பதையே. மிதவை ஆளியை நுண்கட்டுப்படுத்தி வழியாக மட்டும் கொண்டுபோகாமல், சிறு ரிலே ஒன்றினால் நேரே சிவப்பு விளக்குக்கும் கொடுங்கள். அலைவினால் விளக்கு இடையிடையே மினுங்கினாலும் பரவாயில்லை. பெட்டிக்குள் இருக்கும் எதுவும் உறைந்துபோனாலும் அந்த விளக்கு எரிய வேண்டும்.

இன்னொன்று, பெட்டி எதையும் கண்டுபிடிக்குமுன் கண்ணும் கையும் கண்டுபிடிக்கின்றன. எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் மூடியைத் திறந்து தாங்கியினுள் பார்ப்பதற்கு எந்த சென்சரும் ஈடில்லை. சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்க வேண்டாம். கசிந்து காய்ந்த கூலன்ற் பொருத்துகளின் ஓரத்தில் நிறமான உப்புப்போலப் படிந்திருக்கும்; பம்மின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து ஈரம் வந்தால் அதன் சீல் தேயத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஹோஸை விரலால் அமத்திப் பார்த்தால் பழுதாகும் இறப்பர் ஒன்றில் களிபோல மெத்தென்று இருக்கும், அல்லது ஓடுபோல இறுகியிருக்கும். கிளிப்பை அளவுக்கு மீறி இறுக்குவதும் ஹோஸை வெட்டும். அண்ணாவின் சோதனைப் பட்டியலில் இவை முதலில் வரட்டும், பெட்டியின் விளக்குகள் அதன் பிறகு வரட்டும்.

கேள்வி கேட்டவர்: சுன்னாகம் மின்வேலையாளர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணாவோடு தொலைபேசியில் கதைத்தேன். ஹெட்டுகளின் பாக இலக்கத்தைப் பார்த்ததில் அவை புதிய வகை. சென்சர் கூலன்றுக்குள் இருக்கிறது. கூலன்ற் சாதாரணக் கலவை, மூடி 1.2 பார். ஆகவே வெப்பநிலை, அமுக்கம், தாங்கியின் மட்டம் ஆகிய மூன்றையும் அளக்க முடிவு செய்துவிட்டேன். வல்வெட்டித்துறை அண்ணா சொன்னபடி மிதவை ஆளி ரிலே வழியாக நேரே விளக்குக்கும் போகும். கூடவே ஒரு ஹெட்டின் வெளிப்புற உலோகத்தில் வெப்பவிணை (இரு உலோகக் கம்பிகளின் இணைப்பால் வெப்பநிலையை அளக்கும் சென்சர்) ஒன்றைப் பொருத்த இடமிருக்கிறது என்கிறார். கூலன்ற் போனால் உலோகத்தின் ஏற்றத்தை அது காட்டும் என்பதால் அதையும் சேர்க்கிறேன்.

இரண்டு விடயங்கள் மிச்சம். முதலாவது, நான்கு அளவீடுகளுக்கும் நான்கு விளக்குகள் வைப்பதா, ஒன்றே போதுமா? இரண்டாவது, அமுக்கம் எந்த அளவுக்குக் கீழே போனால் எச்சரிக்க வேண்டும் என்ற எண்ணை எங்கிருந்து பெறுவது? கைநூலில் அப்படி ஓர் எண்ணைக் காணவில்லை.

மறுமொழி: மெல்பேர்ண் விமானி

தம்பி, விமானியின் கண்ணுக்கு நேரே ஒரு சிவப்பு விளக்கும், காதில் மாட்டும் ஹெட்செற்றில் ஓர் ஒலியும் போதும். எது கெட்டது என்பதைத் திரையில் ஒரு சொல்லாகக் காட்டுங்கள்: மட்டம், அமுக்கம், சூடு, சென்சர் பழுது. முதல் மூன்றுக்கும் விமானி செய்ய வேண்டியது ஒன்றே என்பதால் விளக்கைப் பிரிப்பதில் பயனில்லை. வலுவைப் பறப்பதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் குறைத்து, மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டி ரேடியேற்றருக்குக் காற்றைக் கொடுத்து, எட்டும் தூரத்தில் இறங்கக்கூடிய இடத்தை நோக்கித் திரும்ப வேண்டும். எஞ்சின் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டு ஓடுபாதை வரை போக முயலக் கூடாது. சென்சர் பழுதுக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுங்கள். அப்போது மற்ற மானிகளைப் பார்த்து அமைதியாக முடிவெடுக்கலாம். ஆனால் வெப்பநிலை சென்சரின் பழுதும் அமுக்க வீழ்ச்சியும் ஒன்றாக வந்தால் அதைச் சிவப்பாகவே கொள்ளும்படி நிரலில் எழுதுங்கள், ஏனெனில் வெறுமையான தாங்கியின் கீழே இருக்கும் சென்சர் பழுதானதைப் போலத்தான் தோன்றும்.

அமுக்கத்தின் எண்ணைக் கைநூலில் தேட வேண்டாம். அது ஒவ்வொரு விமானத்துக்கும் வேறுபடும். தாங்கியில் எவ்வளவு காற்றிடம் இருக்கிறது, ஹோஸ்கள் எவ்வளவு விரிகின்றன, ரேடியேற்றர் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பவற்றைப் பொறுத்து, அதே 90 பாகையில் ஒன்று ஓர் அமுக்கத்தையும் மற்றொன்று வேறோர் அமுக்கத்தையும் காட்டும். முதலில் எச்சரிக்கை எதுவும் வைக்காமல், நிலத்தில் கட்டிவைத்து எஞ்சினை ஓட்டும்போதும், பிறகு ஓடுபாதைக்கு மேலேயே சுற்றும் முதற் பறப்புகளிலும் வெப்பநிலைக்கு எதிரே அமுக்கத்தைப் பதிந்துகொள்ளுங்கள். நல்ல நிலையிலுள்ள சுற்றுக்கு அந்தப் புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டி விழும். கோட்டுக்குக் கணிசமாகக் கீழே எச்சரிக்கைக் கோட்டை வரையுங்கள். 70 பாகைக்குக் கீழே எச்சரிக்கை வேண்டாம், ஏனெனில் குளிர்ந்த சுற்றில் அமுக்கம் இல்லாதிருப்பது இயல்பு. நீண்ட இறக்கத்தில் வலுவைக் குறைக்கும்போது வெப்பநிலையும் அமுக்கமும் சேர்ந்தே இறங்கும், அதற்கும் பெட்டி கத்தக் கூடாது. மூடியை மாற்றினாலோ கூலன்றைப் புதிதாக நிரப்பினாலோ அந்தக் கோட்டை மீண்டும் வரைய வேண்டும்.

ஒன்ராறியோவின் குளிர்காலத்தைப் பற்றியும் அண்ணாவிடம் சொல்லுங்கள். பாதிக்குப் பாதிக் கலவை ஏறத்தாழ கழிய 37 பாகை வரை உறையாது என்றாலும், ரேடியேற்றரின் முகத்தில் ஒரு பகுதியை மறைக்காமல் எஞ்சின் சூடேற மறுக்கும். ஒயில் 50 பாகையைத் தொடுமுன் முழு வலுவைக் கொடுக்கக் கூடாது. அப்படி ஒட்டிய மறைப்பைக் கழற்ற மறந்து இளவேனிலின் முதல் சூடான நாளில் மேலேறினால் கூலன்ற் எல்லையை நோக்கி விரைவாக ஏறும். எனவே பெட்டி தொடங்கியதும் வெளிக்காற்று 10 பாகைக்கு மேல் என்று கண்டால், மறைப்பை அகற்றினீர்களா என்று திரையில் ஒரு வரி கேட்கட்டும்.